விமான லேசரை வைத்துக் காட்டின் மரக் கன அளவைக் கணக்கிடுவது எப்படி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேசர் மரத்தின் கன அளவை அளப்பதில்லை, அது அளப்பது தூரத்தை மட்டும்தான். விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ பொருத்திய கருவி நொடிக்குப் பல லட்சம் ஒளித்துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் இலையிலோ கிளையிலோ தரையிலோ பட்டுத் திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. அந்தக் கணத்தில் விமானம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை ஜிபிஎஸ்ஸும் சாய்வு அளக்கும் கருவியும் சொல்லிவிடும், இரண்டையும் சேர்த்தால் ஒரு புள்ளி. அப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் கிடைத்தாலும், இந்த மரத்தில் இத்தனை கன மீட்டர் கட்டை இருக்கிறது என்று அவற்றில் ஒன்றும் சொல்லாது. அதைச் சொல்வது காட்டுக்குள் இறங்கி டேப் பிடித்து அளந்த மரங்கள். அளந்த இடத்தின் கணக்கை அளக்காத இடத்துக்கு எடுத்துப்போவதுதான் லேசரின் வேலை. அதனால் இங்கே மென்பொருளைவிடத் தரையைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது

தண்டின் கன அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த பழைய சூத்திரம் உண்டு: அடிப்பரப்பு × உயரம் × வடிவக் காரணி. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், தண்டைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வட்டத்தின் பரப்புதான் அடிப்பரப்பு. தண்டு மேலே போகப் போகச் சிறுக்கிறது அல்லவா, அதற்கான கழிவுதான் வடிவக் காரணி. முழு உருளையாக இருந்தால் 1, காட்டு மரங்களில் பெரும்பாலும் 0.4க்கும் 0.5க்கும் பக்கத்தில் வரும். மார்பளவு விட்டம் 24 சென்டிமீட்டர், உயரம் 20 மீட்டர், வடிவக் காரணி 0.47 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பரப்பு 0.0452 சதுர மீட்டர், கன அளவு சுமார் 0.43 கன மீட்டர்.

இந்த மூன்றில் லேசருக்கு நேரடியாகத் தெரிவது உயரம் ஒன்றுதான். மேலிருந்து பார்க்கும்போது தண்டு தெரியாது, ஆகவே அடிப்பரப்பும் தெரியாது. ஆனால் அனுப்பிய துடிப்புகளில் எத்தனை பங்கு விதானத்திலேயே, அதாவது இலையும் கிளையும் சேர்ந்த காட்டின் மேற்கூரையிலேயே, பட்டுத் திரும்பின, எத்தனை பங்கு இடுக்கு வழியாகத் தரை வரை போயின என்பது தெரியும். ஒரே உயரமுள்ள இரண்டு காடுகளில் எதில் விதானம் நெருக்கமோ அதில் பொதுவாக அடிப்பரப்பும் அதிகம். வடிவக் காரணி ஒரே இன மரங்களுக்குள் பெரிதாக மாறுவதில்லை. ஆக, உயரமும் நெருக்கமும் சேர்ந்தால் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கன மீட்டர் என்பதில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

எங்கே பிடிபடாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. விதானம் முழுக்க மூடிவிட்ட அடர்ந்த காட்டில் நெருக்கம் பற்றிய எண் உச்சத்தில் போய் நின்றுவிடும், அதற்கு மேல் அடிப்பரப்பு கூடினாலும் குறைந்தாலும் லேசருக்குத் தெரியாது. அதேபோல, சில வருடங்களுக்கு முன் இடைவெட்டு (நடுநடுவே சில மரங்களை மட்டும் வெட்டி எடுப்பது) நடந்த இடத்தில் எஞ்சிய மரங்கள் கிளை விரித்து இடத்தை மூடியிருக்கும், மேலிருந்து பார்த்தால் நிறைந்த காடு, கீழே தண்டுகள் குறைவு. அங்கே மாதிரி, அதாவது லேசர் எண்களிலிருந்து கன அளவைக் கணிக்கும் கணக்குமுறை, விடையைக் கூட்டித்தான் சொல்லும். இந்த மாதிரி இடங்கள் எங்கே என்பது வெட்டுப் பதிவேட்டில் இருந்தால் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழிகள், எதை எடுப்பது

ஒன்று பரப்பு வழி: காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் விழுந்த புள்ளிகளின் உயரப் பரவலை எடுத்து, அதிலிருந்து கட்டத்தின் மொத்தக் கன அளவைக் கணிப்பது. தனி மரம் எது என்று பார்ப்பதே இல்லை. நார்வேயில் எரிக் நெஸ்ஸெட் 2002இல் வெளியிட்ட இரண்டு கட்ட நடைமுறைதான் இன்றைக்குப் பல நாடுகள் பின்பற்றும் முறைக்கு அடித்தளம். இன்னொன்று தனிமர வழி: ஒவ்வொரு மரத்தின் தலையையும் தனியாகப் பிரித்து, அதன் உயரத்தையும் தலை அகலத்தையும் வைத்து விட்டத்தைக் கணித்து, மரம் மரமாகக் கூட்டுவது.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள், திரையில் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும்போது யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் உங்களுக்கு வேண்டியது ஒரு காட்டின் மொத்தக் கன அளவு என்றால் பரப்பு வழியை எடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பறக்கச் சொல்லும்போது

பரப்பு வழிக்கு நீங்கள் நினைக்கிற அளவு அடர்த்தி தேவையில்லை. சதுர மீட்டருக்கு ஒன்றிரண்டு துடிப்பு இருந்தாலே உயரச் சதமானங்கள் (90ஆம் சதமானம் என்றால் நூற்றில் தொண்ணூறு புள்ளிகள் அதற்குக் கீழே இருக்கும் உயரம்) நிலையாக இருக்கும். அடர்த்தியைப் பத்து மடங்கு கூட்டினாலும் கன அளவின் துல்லியம் அதே விகிதத்தில் கூடாது, அந்தப் பணத்தை இன்னும் சில பிளாட்டுகளுக்கு, அதாவது தரையில் இறங்கி மரங்களை அளக்கும் சிறு வட்டங்களுக்கு, செலவழிப்பதே லாபம். விதிவிலக்கு, செங்குத்தான மலைச்சரிவும் கீழ்த்தளம் வரை மூடிய காடும். அங்கே அடர்த்தி வேண்டியது மரத்துக்காக அல்ல, தரையைக் கண்டுபிடிப்பதற்காக. தனிமர வழி என்றால் மட்டும் சதுர மீட்டருக்கு ஐந்து, பத்து, அதற்கு மேலும் கேளுங்கள்.

அடர்த்தியைவிட முக்கியமானது ஒரே மாதிரி இருப்பது. ஒரே கருவி, ஒரே பறக்கும் உயரம், ஒரே பருவம். இலையுதிர் காட்டில் இலை இருக்கும்போது பறந்த பகுதியும் இலை உதிர்ந்தபின் பறந்த பகுதியும் ஒரே திட்டத்தில் கலந்துவிட்டால், இரண்டுக்கும் தனித்தனி மாதிரி போட வேண்டிவரும், அதற்குத் தனித்தனிப் பிளாட்டுகளும் வேண்டும். வேறு கருவி வந்தால் துடிப்பின் வலிமையும் தரையில் விழும் ஒளிவட்டத்தின் அகலமும் மாறும், அதே மரத்துக்கே வேறு சதமானம் வரும். ஸ்கேன் கோணம் செங்குத்திலிருந்து 15, 20 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஓரத்தில் சாய்வாகப் போகும் துடிப்பு விதானத்துக்குள் அதிக தூரம் பயணிப்பதால் இடுக்கு குறைவாகத் தெரியும். இதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், பறந்து முடித்தபின் பேசிப் பயனில்லை.

புள்ளிகளைச் சுத்தம் செய்வது

தரவு எல்ஏஎஸ் வடிவில் வரும், அல்லது அதன் சுருக்கப்பட்ட வடிவமான எல்ஏஇசட்டில். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகை எண் இருக்கும்: 2 என்றால் தரை, 3 முதல் 5 வரை தாவரங்கள், 6 கட்டடம், 7 குப்பை. கணக்குக்கு வேண்டிய கருவிகள் நிறையவே உண்டு. ஆர் மொழி தெரிந்தவர்களுக்கு லிட்ஆர் தொகுப்பு போதும், அமெரிக்க வனத்துறையின் ஃப்யூஷன் இலவசம், பிடால் திறமூலம். எதை எடுத்தாலும் வேலை ஒன்றேதான்.

முதலில் தரை. வகை 2 ஏற்கெனவே குறித்து வந்திருந்தாலும் நம்பிவிடாதீர்கள், தரை மாதிரியை நிழலிட்டுத் திரையில் போட்டுப் பாருங்கள். சிறு சிறு கூம்புகள் தெரிந்தால் புதர்களைத் தரையாக எடுத்திருக்கிறது என்று அர்த்தம், மலை முகடுகள் மொட்டையாக வெட்டப்பட்டிருந்தால் உண்மையான தரையையே தாவரம் என்று தள்ளியிருக்கிறது. நீங்களே பிரிக்க வேண்டுமென்றால் துணி விரிப்பு முறை எளிது: புள்ளித்திரளைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் கற்பனையாக ஒரு துணியைப் போட்டு, துணி எங்கே படிகிறதோ அதைத் தரை என்று எடுத்துக்கொள்வது. துணியின் விறைப்பைச் சமவெளிக்குக் கூட்டவும், சரிவுக்குக் குறைக்கவும். இந்த ஒரு எண்ணைச் சரியாக வைப்பதற்கு ஒரு முழு நாள் போனாலும் அது வீண் அல்ல, ஏனென்றால் தரை ஒரு மீட்டர் தவறினால் மேலே இருக்கும் எல்லா மரமும் ஒரு மீட்டர் தவறும்.

அப்புறம் ஒவ்வொரு புள்ளியின் உயரத்திலிருந்தும் அதன் கீழுள்ள தரை உயரத்தைக் கழித்துவிடுங்கள். இப்போது எல்லாம் தரைக்கு மேல் எத்தனை மீட்டர் என்ற கணக்குக்கு வந்துவிடும். அந்தக் காட்டில் இருக்க வாய்ப்பே இல்லாத உயரங்களை, பறவையோ மேகத்துணுக்கோ பட்டுத் தெறித்த புள்ளிகளை, எடுத்துவிடுங்கள். மின்கம்பிப் பாதைகளை மறக்காதீர்கள், 30 மீட்டர் உயரத்தில் ஓடும் கம்பி கணக்குக்கு நல்ல உயரமான மரமாகத்தான் தெரியும்.

தரையில் அளப்பது

இங்கேதான் திட்டங்கள் பிழைக்கின்றன அல்லது கெடுகின்றன.

எங்கே பிளாட் போடுவது என்பதை லேசரையே கேளுங்கள். பிளாட் போடும் முன்னரே தரவு கையில் இருந்தால், எல்லாக் கட்டங்களையும் உயரம், நெருக்கம் இரண்டின்படி வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்குள்ளிருந்தும் குலுக்கல் முறையில் எடுங்கள். நோக்கம் என்ன? குட்டைக் காடு, நெட்டைக் காடு, அடர்த்தி, வெறிச்சோடியது எல்லாம் உள்ளே வர வேண்டும், குறிப்பாக ஓரங்கள். 30 மீட்டர் உயரக் காடு திட்டப்பகுதியில் இருந்து, உங்கள் பிளாட் எதிலும் 24 மீட்டரைத் தாண்டிய மரமே இல்லையென்றால், அதிகக் கட்டை இருக்கும் இடத்தில்தான் உங்கள் மாதிரி குருட்டுத்தனமாகக் கணிக்கும். பாதைக்குப் பக்கத்தில், நடக்கச் சுலபமான இடத்தில் பிளாட் போடுகிற ஆசையை அடக்குங்கள். எத்தனை வேண்டும் என்றால், ஒரே மாதிரியான ஒரு காட்டு வகைக்கு 40, 50 இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

அளவு 9 மீட்டர் ஆர வட்டம் பரவலான வழக்கம். பெரிய தலை கொண்ட அகன்ற இலை மரங்கள் என்றால் 12, 15 மீட்டர் ஆரத்துக்குப் போங்கள், இல்லையென்றால் தண்டு உள்ளே, தலை வெளியே, அல்லது அதற்கு நேர்மாறு என்று ஓரத்தில் நிற்கும் மரங்கள் கணக்கைக் குழப்பும். ஆரம் என்பது கிடைமட்ட ஆரம். 30 டிகிரிச் சரிவில் சரிவோடு சேர்த்து அளந்தால் 9 மீட்டருக்குப் பதில் 10.4 மீட்டர் டேப் விட வேண்டும், இதை விட்டுவிட்டு சரிவெல்லாம் சின்னப் பிளாட்டாக வந்துவிட்ட தரவுகள் உலகத்தில் ஏராளம்.

சரி, இப்போது பிளாட்டின் இருப்பிடம். மரம் அளப்பதில் அரை சென்டிமீட்டருக்குச் சண்டை போடுகிறவர்கள்கூட மையத்தைக் கைபேசி ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டு வந்துவிடுவார்கள். விதானத்துக்குக் கீழே அது பல மீட்டர் தள்ளிக் காட்டும். 9 மீட்டர் ஆர வட்டத்தின் மையம் 1 மீட்டர் தள்ளிப்போனால், நீங்கள் அளந்த வட்டமும் லேசரில் வெட்டியெடுக்கும் வட்டமும் 93 சதவீதம் ஒத்துப்போகும். 3 மீட்டர் தள்ளினால் 79, 5 மீட்டர் தள்ளினால் 65. அதாவது மூன்றில் ஒரு பங்கு வேறு மரங்களின் புள்ளிகளை வைத்து உங்கள் மரங்களைக் கணிக்கிறீர்கள். 15 மீட்டர் ஆரமாக இருந்தால் 3 மீட்டர் பிழையிலும் 87 சதவீதம் ஒத்துப்போகும், பெரிய பிளாட்டுக்கு இது இன்னொரு நியாயம். நில அளவைத் தரமுள்ள ரிசீவரை முக்காலியில் உயர்த்தி வைத்து, மரம் அளந்து முடிக்கும் வரை ஓடவிட்டு, பின்னர் அடிப்படை நிலையத்தின் தரவோடு திருத்திக்கொள்ளுங்கள். அது முடியாத இடத்தில் பக்கத்து வெளியில் ஒரு புள்ளியைத் துல்லியமாக எடுத்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவி) வைத்து உள்ளே வாருங்கள். மைய இடத்தில் உலோகக் குச்சி ஒன்றை அடித்துவிட்டு வந்தால் நல்லது, காரணம் கடைசியில் வரும்.

மரம் அளப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த விட்டத்துக்கு மேல் அளப்பது என்பதை முன்பே முடிவு செய்து, தண்டின் மையம் வட்டத்துக்குள் இருந்தால் சேர்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் விட்டம், சிலவற்றுக்கு உயரம். இனத்தைக் கட்டாயம் எழுதுங்கள். விமானம் பறந்த அதே வளர்ச்சிப் பருவத்தில் அளந்தால் சிறப்பு. நடுவில் வெட்டு, காற்று, தீ எதுவும் நடந்த பிளாட்டை ஈவிரக்கமில்லாமல் தூக்கிவிடுங்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் கன அளவுச் சமன்பாடு. நீங்கள் எந்தப் பிளாட்டிலும் கன அளவை அளக்கவில்லை, விட்டத்தையும் உயரத்தையும் அளந்து, யாரோ என்றோ மரங்களை வெட்டிப் போட்டுத் துண்டு துண்டாக அளந்து உருவாக்கிய சமன்பாட்டில் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சமன்பாடு வேறு நிலத்து மரங்களுக்கானது, பத்து சதவீதம் கூட்டிச் சொல்கிறது என்றால், உங்கள் லேசர் மாதிரியும் அதே பத்து சதவீதத்தைக் கற்றுக்கொண்டு காடு முழுக்கப் பரப்பும். எந்தச் சரிபார்ப்பிலும் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் சரிபார்ப்பதும் அதே சமன்பாட்டின் விடையை வைத்துத்தான். பட்டையோடு சேர்த்தா இல்லாமலா, தண்டு நுனி வரையா குறிப்பிட்ட விட்டம் வரையா, கிளைகள் உண்டா என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கட்டை வாங்குபவர் மனதில் இருக்கும் கன மீட்டரும் உங்கள் கன மீட்டரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பிளாட் மரங்களைக் கூட்டி ஹெக்டேருக்கு மாற்றுவது எளிது. 9 மீட்டர் ஆர வட்டம் 254.5 சதுர மீட்டர், அதனால் 39.3ஆல் பெருக்க வேண்டும். பிளாட்டில் 6.1 கன மீட்டர் இருந்தால் ஹெக்டேருக்குச் சுமார் 240.

மாதிரி போடுவது

ஒவ்வொரு பிளாட்டின் வட்டத்துக்குள்ளும் விழுந்த புள்ளிகளை வெட்டியெடுத்து, 2 மீட்டருக்குக் கீழ் உள்ளவற்றைப் புல், புதர், கல் என்று ஒதுக்கிவிட்டு, மீதியிலிருந்து எண்களை எடுங்கள்: சராசரி உயரம், 10 முதல் 95 வரையான சதமானங்கள், உயரப் பரவலின் அகலம். முதல் எதிரொளிகளில், அதாவது ஒவ்வொரு துடிப்பும் முதலில் பட்டுத் திரும்பிய புள்ளிகளில், 2 மீட்டருக்கு மேல் விழுந்தவை எத்தனை சதவீதம் என்பதை விதான நெருக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதிகபட்ச உயரத்தை மட்டும் தவிர்த்துவிடலாம், ஒரே ஒரு புள்ளியைப் பொறுத்த எண் அது, அடர்த்தி மாறினால் அதுவும் மாறும்.

மென்பொருள் ஒரே அழுத்தில் ஐம்பது, அறுபது எண்களைக் கொட்டும். எல்லாவற்றையும் மாதிரிக்குள் திணிக்காதீர்கள். 80ஆம் சதமானமும் 90ஆம் சதமானமும் ஒன்றுக்கொன்று அச்சு அசல், இரண்டையும் போட்டால் கெழுக்கள் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுத்துக்கொண்டு அர்த்தமில்லாத குறிகளோடு வரும். உயரத்துக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று, வேண்டுமென்றால் பரவலுக்கு ஒன்று. கன அளவின் மடக்கையை உயரத்தின் மடக்கையோடும் நெருக்கத்தின் மடக்கையோடும் நேர்கோட்டில் பொருத்துங்கள். அடிப்பரப்பு × உயரம் என்ற பெருக்கல் உறவை மடக்கை கூட்டலாக்கிவிடுகிறது, எனவே இந்த வடிவம் வெறும் வசதிக்காக எடுத்தது அல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை: இயல் மடக்கையிலிருந்து திருப்பி மாற்றும்போது விடை சற்றுக் குறைந்து வரும். எஞ்சிய பிழையின் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசத்தின்) திட்ட விலக்கம் மடக்கை அளவில் 0.2 என்றால் 1.02ஆல் பெருக்கித் திருத்த வேண்டும், 0.3 என்றால் 1.046ஆல். அந்த விலக்கத்தின் வர்க்கத்தில் பாதியை அடுக்காகப் போட்டால் இந்த எண் கிடைக்கும். 4.6 சதவீதம் சின்னதுபோல் தெரியலாம், ஒரு லட்சம் கன மீட்டர் காட்டில் அது 4,600 கன மீட்டர்.

ரேண்டம் ஃபாரஸ்ட், அதாவது பல முடிவு மரங்களின் விடைகளைச் சராசரி எடுக்கும் இயந்திரக் கற்றல் முறை, போடலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். ஆயிரம் பிளாட் இருந்தால் போடுங்கள். ஐம்பதோ அறுபதோ வைத்துக்கொண்டு அதைப் போட்டால் நேர்கோட்டைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது. மேலும் அது பயிற்சியில் பார்த்த அதிகபட்சத்துக்கு மேல் ஒரு கன மீட்டர்கூடக் கணிக்காது, லேசர் எண்களில் மிகவும் ஒத்த பிளாட்டுகளின் விடையை எடுத்துக்கொள்ளும் நெருங்கிய அண்டை முறைகளும் அப்படியே. நேர்கோடு எல்லைக்கு வெளியே தப்பாகச் சொல்லும், இவை சொல்லவே சொல்லாது. இரண்டும் ஆபத்துதான், எது எப்போது நடக்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரிபார்க்கும்போது பிளாட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்துப் பார்ப்பது குறைந்தபட்சம். பக்கத்துப் பக்கத்தில் கொத்தாகப் பிளாட் போட்டிருந்தால் ஒரு கொத்தையே மொத்தமாக வெளியே வையுங்கள், இல்லையென்றால் அண்டைப் பிளாட்டே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். பிளாட் அளவில் ஆர்எம்எஸ்இ (பிழைகளின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்) சராசரிக் கன அளவில் 15 முதல் 30 சதவீதத்துக்குள் வந்தால் அது வழக்கமான விளைவு. ஒரே வயது ஊசியிலைக் காட்டில் கீழ் முனைக்குப் பக்கத்திலும், பல இனம் கலந்த காட்டில் மேல் முனையிலும் அதற்கு அப்பாலும் இருக்கும். 5 சதவீதம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், எங்கேயோ தவறு இருக்கிறது. எஞ்சிய பிழைகளை உயரத்துக்கு எதிராக, சரிவுக்கு எதிராக, இனத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். ஓர் இனத்தின் பிளாட்டுகள் எல்லாம் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நின்றால் அந்த இனத்துக்குத் தனி மாதிரி வேண்டும். லேசருக்கு இனம் தெரியாது, வான்வழிப் படங்களையோ செயற்கைக்கோள் படங்களையோ வைத்துத்தான் எல்லை பிரிக்க வேண்டிவரும்.

வரைபடமும் மொத்தமும்

கட்டத்தின் பரப்பும் பிளாட்டின் பரப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்லாந்தின் வனத் தரவில் கட்டங்கள் 16 மீட்டர் பக்கம் கொண்டவை, அதாவது 256 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 9 மீட்டர் ஆர வட்டத்தின் அதே பரப்பு. 254 சதுர மீட்டரில் கற்றுக்கொண்ட மாதிரியை 1 மீட்டர் கட்டத்தில் ஓட்டினால் படம் கூர்மையாகத் தெரியும், எண் குப்பையாக இருக்கும். பிளாட் எதிலும் வராத உயரமோ நெருக்கமோ உள்ள கட்டங்களைத் தனி நிறத்தில் காட்டுங்கள். சாலை, நீர், கட்டடங்களை மறைத்துவிடுங்கள்.

மொத்தக் கன அளவுக்கு எல்லாக் கட்டங்களையும் கூட்டிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. குலுக்கலில் எடுத்த பிளாட்டுகள் இருந்தால், கட்டங்களின் சராசரிக் கணிப்போடு பிளாட்டுகளின் சராசரிப் பிழையையும், அதாவது அளந்தது கழித்தல் கணித்தது, கூட்டிக்கொள்ளுங்கள். வகை பிரித்துக் குலுக்கியிருந்தால் இதை வகை வகையாகச் செய்து, ஒவ்வொரு வகையின் பரப்புக்கேற்ப எடை கொடுத்துச் சேருங்கள். இப்படிச் செய்தால் மாதிரி கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் மொத்தம் நேராகிவிடும், கூடவே நம்பகமான பிழை எல்லையும் கிடைக்கும். ஓர் உதாரணம்: எளிய குலுக்கலில் 60 பிளாட், கன அளவின் திட்ட விலக்கம் ஹெக்டேருக்கு 110 கன மீட்டர் என்றால், தரை அளவை மட்டும் வைத்து சராசரியின் திட்டப் பிழை, அதாவது அந்தச் சராசரி எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவு, 14.2. லேசர் மாதிரி அந்த விலக்கத்தை 50க்குக் குறைத்தால் திட்டப் பிழை 6.5. லேசர் இல்லாமல் அதே 6.5ஐ எட்ட சுமார் 290 பிளாட் வேண்டும். லேசருக்குக் கொடுக்கிற பணத்தின் மதிப்பை மேலதிகாரிக்குப் புரியவைக்க இந்த ஒரு கணக்கு போதும். கூடுதலாக ஒன்று, வரைபடத்தில் கன அளவு குறைந்த இடங்கள் சற்றுக் கூடுதலாகவும், மிக அதிகமான இடங்கள் சற்றுக் குறைவாகவும்தான் வரும், எல்லாக் கணிப்பு முறையும் சராசரியை நோக்கி இழுக்கும். ஒற்றைக் கட்டத்தின் எண்ணைக் காட்டி விலை பேசாதீர்கள், பல ஹெக்டேர் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

தனிமர வழிக்கு ஏன் அவசரப்பட வேண்டாம் என்றேன்? விதான உயர வரைபடத்தில் உச்சிகளைத் தேடி, அதிலிருந்து தலைகளைப் பிரிப்பதுதான் வழக்கமான முறை. பெரிய மரத்தின் நிழலில் நிற்கும் சின்ன மரத்துக்கு உச்சியே தெரியாது, அகன்ற தலை ஒன்றுக்கு மூன்று உச்சி தெரியும், உச்சியின் நுனியில் துடிப்பு படாததால் உயரமும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அதற்குமேல் தலை அகலத்திலிருந்து விட்டத்தைக் கணிக்கிறீர்கள், அந்த விட்டம் கன அளவில் வர்க்கமாக ஏறும். இத்தனை பிழையும் பெரும்பாலும் ஒரே திசையில், குறைவாகச் சொல்லும் திசையில், சேர்கிறது. இடைவெளி விட்டு நட்ட ஊசியிலைத் தோட்டங்களில் இது அழகாக வேலை செய்யும், விட்ட வகைவாரியாகக் கட்டை எத்தனை என்று தெரிய வேண்டிய இடத்தில் இதுதான் வழி. மற்ற இடங்களில் பரப்பு வழியில் மொத்தத்தை எடுத்துவிட்டு, தனிமர விடையை அந்த மொத்தத்துக்குப் பொருந்தும்படி சரிசெய்துகொள்ளலாம்.

சில வருடம் கழித்து மறுபடி பறக்கும்போது பழைய மாதிரியைப் புதுத் தரவில் அப்படியே ஓட்டிவிட்டு, இரண்டு வரைபடங்களைக் கழித்து வளர்ச்சி இவ்வளவு என்று சொல்லத் தோன்றும். கருவி மாறியிருந்தால் அந்த வித்தியாசத்தில் எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு கருவி என்று பிரிக்க முடியாது. மையத்தில் அடித்த உலோகக் குச்சி இதற்குத்தான்: அதே பிளாட்டுகளில் ஒரு பகுதியையாவது மீண்டும் அளந்து, புதுத் தரவில் மாதிரியை மறுபடி பொருத்துங்கள், முடிந்தால் இரண்டு பறப்புகளின் எண்களிலும் உள்ள மாற்றத்திலிருந்து கன அளவின் மாற்றத்தை நேரடியாகவே கணியுங்கள். மூலப் புள்ளித்திரளையும், பறந்த தேதியையும், கருவியின் பெயரையும், எந்தச் சமன்பாடு என்பதையும் பிளாட் தரவோடு ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள்.